விசிலுக்குப் பயந்த அணி

திருவொற்றியூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்திரண்டு வருடங்களாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பேஸ்கெட்பால் அணிக்குக் கோச்சும் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எப்படி ஜெயித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். என் அணி ஒரே மாலையில் எப்படிக் கலைந்தது, அதை மறுபடி சேர்க்க எவ்வளவு பயந்தேன் என்பதை யாரும் கேட்டதில்லை. அதையே எழுதுகிறேன்.

1. லைன் ரன்

மார்ச் மாதம், மாலை நான்கு மணி. சிமெண்ட் கோர்ட்டில் சூடு இன்னும் இறங்கவில்லை. முந்தின நாள் மேட்சில் இருபது பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றிருந்தோம். எனக்குக் கோபம். பன்னிரண்டு பேரையும் பேஸ்லைனில் நிற்கவைத்து லைன் ரன் கொடுத்தேன். ஃப்ரீ த்ரோ லைனைத் தொட்டுத் திரும்ப வேண்டும், பிறகு ஹாஃப் லைன், பிறகு எதிர்க் கோடி. அது ஒரு சுற்று. பத்துச் சுற்று என்றேன். நான் விசில் ஊதும்வரை யாரும் நிற்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. அதைக் கண்டிப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ரூபி எங்கள் பாயிண்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். காசிமேட்டுப் பெண், பி.காம். முதலாம் ஆண்டு. பந்து அவள் கையில் இருந்தால் மற்ற நான்கு பேரும் நிம்மதியாக ஓடுவார்கள். ஏழாவது சுற்றில் அவள் பின்தங்கினாள். இன்னும் மூணு இருக்கு என்று கத்தினேன். ஹாஃப் லைனில் நின்று முழங்காலில் கையை ஊன்றினாள். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. நடிக்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அப்புறம் அவள் பக்கவாட்டில் சரிந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை. என் முதலுதவிப் பெட்டியில் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் பேண்டேஜும்தான் இருந்தன. அவளுக்கு என்ன ஆயிற்று என்றே எனக்குப் புரியவில்லை. கேப்டன் செல்வி பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மேடம், அவுளுக்கு வீசிங் கீது மேடம். சின்ன வயசுலேர்ந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்ககிட்ட எப்டி மேடம் சொல்றது?"

2. ஆட்டோவில்

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். வாட்ச்மேன் ஓர் ஆட்டோவை மறித்து நிறுத்தினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டது. லாரி டயர் என் முகத்துக்கு நேராக இருந்தது. ரூபியை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் போலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றது. சரியாகிவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தபோதுதான் காற்றே உள்ளே போகவில்லை என்று புரிந்தது. நான் சத்தமாக ஜெபம் செய்தேனாம். எனக்கு நினைவில்லை, ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

முன்னால் இருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். வண்டியை அங்குலம் அங்குலமாக ஓரம் ஒதுக்கினார். அந்த இடுக்கில் புகுந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஊசி போட்டு, நெபுலைசர் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆபத்தில்லை என்றார் டாக்டர். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரூபியின் அம்மா இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"டீச்சரம்மா, எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போனா திரும்பி வர்றவரிக்கும் பயந்துகினு கெடப்பேன். காலேஜுக்குப் போன பொண்ண நெனச்சு ஒரு நாளும் பயந்ததில்ல. இனிமே அதுக்கும் பயப்படணுமா?"

3. மூன்று பேர்

அந்த வாரமே ஏழு பெற்றோர் வந்து பிள்ளைகளின் பெயரை நீக்கச் சொன்னார்கள். விசாரணையில், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஜூனில் பிரின்சிபால் கூப்பிட்டு, அணியை மறுபடி கட்டச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது, வேறு யாரையாவது போடுங்கள் என்றேன்.

"பயப்படாத கோச்ச வெச்சுப் பாத்தாச்சு," என்றார் அவர். "நாளைக்குக் காலைல ஆரம்பிங்க."

காலை ஆறேகாலுக்கு வந்தவர்கள் மூன்று பேர். செல்வியும் இன்னும் இருவரும். விசிலை வாயில் வைத்தேன், ஊத முடியவில்லை. கழற்றிப் பையில் போட்டேன்.

விதிகளை மாற்றினேன். வார்ம்-அப்புக்கு முன் ஒவ்வொருத்தியும் தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், வலி, மூச்சு பற்றி நோட்டில் எழுத வேண்டும். முடியவில்லை என்றால் கையை உயர்த்தி முஷ்டி காட்டலாம். காரணம் கேட்காமல் வெளியே எடுப்பேன். காற்று திரும்பி, தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து கண் எரியும் நெடி வரும் நாட்களில் ஓட்டமே கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து, யார் எந்த இடத்தைக் காப்பது என்ற ஸோன் டிஃபென்ஸைப் போர்டில் வரைவோம். நானும் போய் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொண்டேன்.

ஒரு பெண் இருமினால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டிரில்லை நிறுத்துவேன். ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் செல்வி பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மேடம், எங்க மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க. ஆட்டத்தப் பாக்கறதே இல்ல. நீங்க இப்டி பயந்தா நாங்க எங்க ஆடுறது?"

அவள் சொன்னது சரி. அன்றிரவே பயிற்சியை நிமிடக் கணக்கில் எழுதினேன். எட்டு நிமிடம் ஓடிவந்து கூடையில் போடும் லே-அப், இரண்டு நிமிடம் ஓய்வு. பத்து நிமிடம் மூன்று பேர் ஓடிக்கொண்டே பாஸ் செய்யும் டிரில், மூன்று நிமிடம் ஓய்வு. எழுதியதற்குக் குறைவாகவும் ஓடவிடவில்லை, கூடுதலாகவும் ஓடவிடவில்லை. ஹேண்ட்பால் ஆடிய இரண்டு பேர் வந்தார்கள். பந்தையே தொட்டிராத முதலாண்டு மாணவி நஸ்ரீன் வந்தாள். விலகியவர்களில் மூன்று பேர் திரும்பினார்கள். ஆகஸ்டில் ஒன்பது பேர்.

பத்தாவதாக ரூபி வந்தாள். நெஞ்சுநோய் டாக்டரின் சான்றிதழோடும் அம்மாவோடும் வந்து நின்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். "உங்க பயத்துக்கு நான் ஏன் மேடம் வெளிய உக்காரணும்?" என்று கேட்டாள். அவள் அம்மா ஓர் இன்ஹேலரை என் கையில் வைத்து, எப்படி அழுத்துவது என்று காட்டினார். அப்புறம் என்னால் மறுக்க முடியவில்லை. நான்கு நிமிடம் ஆட்டம், பிறகு பெஞ்ச் என்ற கணக்கில் அவளைச் சேர்த்தேன்.

4. அரையிறுதி

ஜனவரியில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதிக்குப் போனோம். கடைசிக் கால் பகுதியில் ஐம்பது விநாடி மிச்சம். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து எதிரணியிடம். கணக்கை மீறி ரூபியை ஆறு நிமிடம் உள்ளே வைத்திருந்தேன். ஜெயிக்கிற ஆசைதான்.

அவள் முஷ்டியை உயர்த்தினாள்.

பந்து நின்றால்தான் ஆளை மாற்ற முடியும், டைம்-அவுட்டும் கிடைக்கும். நிறுத்த ஒரே வழி ஃபவுல். எங்கள் ஃபவுல் கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இன்னொன்று செய்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இன்னும் பத்து விநாடி தாங்குவாளா என்று என் மனசு கணக்குப் போட்டது. அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"செல்வி, ஃபவுல் பண்ணு."

அவள் நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கத்தினேன். பந்து வைத்திருந்தவளின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ரூபி வெளியே வந்தாள், நஸ்ரீன் உள்ளே போனாள். இன்ஹேலரை ரூபியின் வாயில் வைத்து அழுத்தினேன். இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே போயின. எங்கள் கடைசி ஷாட் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும் வேனில் ரூபி மன்னிப்புக் கேட்டு அழுதாள். செல்விக்கு அதுதான் கடைசி வருடம். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கே கோர்ட்டுக்குப் போய்விட்டேன். யாரும் வரமாட்டார்கள், இந்த அணியும் முடிந்தது என்ற பயம். ஆறே காலாயிற்று, ஆறு இருபதாயிற்று. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செல்வி முன்னால் வந்தாள், பின்னால் மற்றவர்கள், ரூபியும் இருந்தாள்.

செல்வி நோட்டை எடுத்தாள். வலி என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், எனுக்கு ரெண்டு மாசமா வலது முட்டி வலிக்குது. மேட்ச்சுல எறக்க மாட்டீங்கன்னு எய்தாம வுட்டுட்டேன்."

அன்றைக்கு அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஐஸ் கட்டிவிட்டுத்தான் பயிற்சியை ஆரம்பித்தேன்.

புதிதாக வரும் கோச்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பயம் எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைப்பதுமில்லை. ஆனால் என்னிடம் உண்மை சொல்ல ஒரு பெண் பயந்தால், அன்றைய பயிற்சியை நான் நடத்தவே கூடாது.