உள்ளே என் பெயர் எழுதிய ஹெல்மெட்

மாரீஸ்வரன் யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டான். எதிரே நிற்பவரின் தோளுக்கு மேலே, பத்தடி பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கவனித்து வருகிறேன். நான்காம் வகுப்பில் இதற்காகவே அடி வாங்கினான். நான் இங்கே நிற்கிறேன், நீ எங்கே பார்க்கிறாய் என்று கேட்ட ஆசிரியரிடம், சுவர்க் கடிகாரத்துக்குள் பல்லி போகிறது என்றான். கழற்றிப் பார்த்தபோது பல்லி இருந்தது. அதற்கும் சேர்த்து இரண்டு அடி விழுந்தது.

அவன் என் சித்தி மகன். என்னைவிட இருபத்து நான்கு நாள் இளையவன். சோழபுரத்தில் அடுத்தடுத்த தெருவில் வளர்ந்தோம். அவனுடைய அப்பா இருளப்பசாமி மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர். காய்ப்புக் காலத்தில் அப்பாவும் மகனும் அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்பிலேயே தங்கிவிடுவார்கள். மலையடிவாரத்துத் தடங்களெல்லாம் அவனுக்கு அப்படித்தான் பழக்கமாயின. பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் தேறவில்லை. மறுபடி எழுதவும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். மூன்று வருடமாக அதன் கீழே உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது.

அவனைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? இந்தக் கேள்வியை எனக்கு நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மில்லில் அவனுக்கு நூல் ஒட்டுகிற வேலை. வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே இழை அறுந்தாலும் உடனே போய் ஒட்ட வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க நடைதான். சேர்ந்த ஆறாவது மாதமே மற்றவர்களைவிடக் கூடுதல் கதிர் வரிசைகளை அவனிடம் கொடுத்துவிட்டார்களாம். எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"ஒத்தக் கதிர முறைச்சிப் பாத்துட்டு நின்னா மத்ததெல்லாம் அந்துரும்லே. சும்மா தூரமாப் பாத்துட்டே நடக்கணும். அந்தது தானா கண்ணுல படும்" என்றான், என் தோளுக்கு மேலே பார்த்தபடி.

பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கொடுத்த பழக்கம் மில்லில் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. நான் நல்ல பையன் என்று பேர் வாங்கிய பழக்கம் ஒன்றுகூட எனக்கு எதையும் வாங்கித் தரவில்லை. எரிச்சல் அங்கே தொடங்கியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. எங்களுக்குள் ஒரு போட்டி நடப்பதே அவனுக்குத் தெரியாது.

சைக்கிள் மட்டும் என்னுடையதாக இருந்தது. கல்லூரியில் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் வாங்கினேன். ஹெல்மெட்டின் உட்புறம் மார்க்கரால் 'ம. சுயம்புலிங்கம், பி.எஸ்சி.' என்று எழுதினேன். ஹெல்மெட்டுக்குப் பட்டம் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், கல்லூரியில் எனக்கு விளையாட்டு ஆசிரியராக இருந்த ஜெபக்குமார் சார் போன் செய்தார். மலைச் சைக்கிள் பந்தயத்தின் மாநிலப் போட்டிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள், வந்து ஓட்டிப்பார் என்றார். எனக்கு உடனே அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீடு ஞாபகம் வந்தது. மாநிலப் போட்டியில் ஏதாவது இடம் கிடைத்தால், பரீட்சையில் நான் தவறவிட்ட அந்தக் கொஞ்ச மதிப்பெண்ணை இது ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் விடியற்காலையில் அய்யனார் கோவில் ரோட்டில் மிதித்தேன்.

காட்டுக்குள் தனியாகப் போகாதே, மாரியையும் கூட்டிப்போ என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நான் மழுப்பிப் பார்த்தேன். அதற்குள் அவளே சித்தியிடம் சொல்லிவிட்டாள். அவனிடமும் ஒரு கியர் சைக்கிள் இருந்தது. மில் சூப்பர்வைசர் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கேட்டு வாங்கிச் சரிசெய்தது. அதில் மூன்று கியர்தான் விழும். தானும் ஓட்டிப்பார்ப்பதாகச் சொல்லி, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டான். ஆதார் நகல், இரண்டு போட்டோ, சைக்கிள் என்று சொன்னேன். ஹெல்மெட் கட்டாயம் என்பதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேனா? அந்த நேரம் ஹெல்மெட் என் மடியில்தான் இருந்தது.

தேர்வுப் பந்தயம் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கம். வனத்துறையில் அனுமதி வாங்கி, தோப்பில் கிளம்பி காட்டுக்குள் சுற்றி அதே இடத்துக்குத் திரும்புகிற பதினொரு கிலோமீட்டர் தடம் போட்டிருந்தார்கள். பத்தொன்பது பேர். மூன்று நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். நான் நான்காவது. நைட் ஷிப்டு முடிந்து வரவேண்டிய மாரீஸ்வரன் கடைசி.

முதல் நாலு கிலோமீட்டர் ஏற்றம். கையளவு கற்கள் சக்கரத்துக்கடியில் உருண்டுகொண்டே இருந்தன. முன்னால் போன மூவரில் இருவர் இறங்கித் தள்ளினார்கள். மூன்றாமவன் சங்கிலி அறுந்து நின்றான். மூவரையும் தாண்டினேன். மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கியபோது, இந்த ஒரு இடம் என்னுடையது என்று நினைத்தேன். பிறகு மூங்கில் புதருக்குள் இறக்கம். அடியில் ஓடை. இரண்டு நாள் மழையில் தண்ணீர் வந்திருந்தது. வலப்பக்கம் சமமாகத் தெரிந்தது. அதில் விட்டேன். முன்சக்கரம் அச்சு வரை இறங்கி என்னைத் தூக்கி எறிந்தது. முழங்கை கிழிந்தது. எழுந்து பார்த்தால் இடப்பக்கம் முழுக்கப் பாறை, கணுக்கால் அளவுத் தண்ணீர்.

நாற்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தேன். ஓட்டி முடித்து அங்கே நின்ற ஒரே ஆள் நான்தான். ஜெபக்குமார் சார் தட்டிக்கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் மாரீஸ்வரன், தலையில் பஞ்சுத் தூசியோடு வெறுந்தலையாக நின்றான். ஹெல்மெட் இல்லாமல் விட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்தார்.

"சுயம்பு, ஒன் தம்பிதானே? ஒன்னுதக் குடேன்."

கழற்றிக் கொடுத்தேன். வாரை நானே அவன் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டேன். மாரீஸ்வரன் அப்போது நேராக என் கண்ணைப் பார்த்தான். எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான்.

"சொல்ல மறந்துட்டியோ?"

"ஆமாலே."

ஓடையில் இடப்பக்கமாகப் போ என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

அவன் போன பிறகு ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். யாரும் என் நேரத்தை நெருங்கவில்லை. இந்நேரம் மேட்டில் இருப்பான், இந்நேரம் மூங்கிலுக்குள் என்று மனம் அவன் கூடவே போனது. ஓடை வந்ததும் அவனை வலப்பக்கம் திருப்பியது. விழட்டும் என்று நினைத்தேன். அடி படாமல் விழட்டும் என்று திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தத்தால் நான் நல்லவனாகிவிட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாற்பத்தொரு நிமிடம், முப்பத்தைந்து நொடி. முழங்காலுக்கு மேல் அவனிடம் ஈரமே இல்லை.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் முழங்கையைப் பார்த்தான். பார்வை மறுபடி என் தோளுக்கு மேலே போய்விட்டது.

"வலப்பக்கமா விட்டியாக்கும்? அங்கன தண்ணி சுழிச்சிட்டு நின்னுச்சே, மேட்டுல இருந்தே தெரிஞ்சுதே" என்றான். பிறகு "ரத்தம் வருது, கழுவுலே" என்று பம்ப்செட்டுக்குக் கூட்டிப்போனான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரே இடம். அது அவனுக்குப் போயிற்று. மாநிலப் போட்டிக்கும் ஹெல்மெட் வேண்டும், கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்றான். சரி என்றேன். உதகையில் ஏழாவதாக வந்தான். அங்கே வந்திருந்த ஒரு கோயம்புத்தூர் சைக்கிள் கடைக்காரர் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். மில்லை விட்டான். இப்போது பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர்களையும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களையும் மலைத் தடத்தில் அழைத்துப் போகிறான். பட்டம் படித்தவர்கள் அவன் பின்னால் வரிசையாக மிதித்து வருகிற படத்தை வாட்ஸப்பில் வைக்கிறான். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். எல்லாப் படத்திலும் அவன் தலையில் என் ஹெல்மெட். உள்ளே என் பெயர் அழிந்திருக்குமா, வேர்வையில் பட்டம் மட்டும் அழிந்திருக்குமா என்று நான் யோசிப்பேன்.

போன மாதம் பேசினான். புது ஹெல்மெட் கடையிலேயே கொடுத்துவிட்டார்களாம்.

"ஒன்னுது இங்கதாம்லே இருக்கு. பங்குனிப் பொங்கலுக்கு வாறப்போ கொண்டாரேன்" என்றான். போன பங்குனிக்கும் இதையேதான் சொன்னான்.

"ஒன் சாமானக் கேட்டு வாங்கத் தெரியல. என்னத்தப் படிச்சியோ" என்றாள் அம்மா. சைக்கிள் இரண்டு வருடமாகச் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. ஹெல்மெட் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பதில் போய்விடும். பிறகு அவன் எனக்குத் தர வேண்டியது எதுவும் இருக்காது. நான் அவனிடம் சொல்ல வேண்டியது மட்டும்தான் மிச்சமிருக்கும்.

"அவசரமில்லலே, இருக்கட்டும்" என்றுதான் சொன்னேன். இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.