மந்திரித்த ஓலையில் என் ஆத்தா செய்த எழுத்துகள்

என் பெரியப்பா பொய் சொன்னார். விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, பீடத்துக்கு முன்னால் நின்று, வெள்ளைக்காரச் சாமியாரிடம் பொய் சொன்னார். அவர் எங்கள் மாதா கோயிலுக்கு உபதேசியார், சாமியார் இல்லாத நாளில் சனங்களுக்கு வேதம் சொல்லித் தருகிறவர். பொய் சொல்வது பாவம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நயமாக எழுதத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் போடிக்கு மேலே, குரங்கணியையும் தாண்டி, ஒரு ஏலத்தோட்டத்துச் சரிவில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் தீ பார்க்கிற வேலை. மலைக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் போனதும், அவரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், போடியில் அவருடைய அண்ணன் வீட்டில் படுக்க வைத்தார்கள். அந்த அண்ணன்தான் பெரியப்பா. ஆத்தா மேலேயே தங்கிக் காய் பறித்தாள். எனக்கு ஏழு வயது முடிந்திருந்தது. தம்பிக்குப் பால்பல் விழவில்லை.

மலையில் பள்ளிக்கூடம் இல்லை. தோட்டங்களில் இருந்த வேதக்காரப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை ஏறி வந்து மந்திரமும் எழுத்தும் சொல்லித் தரவேண்டியது பெரியப்பாவின் வேலை. வருவார். அருள் நிறை மந்திரத்தை எங்களைக் கூட்டமாகக் கத்த விடுவார். பாதி மந்திரத்தில் வானத்தைப் பார்ப்பார். மஞ்சு இறங்கும் முன் அவர் இறங்கிவிட வேண்டும். எழுத்து என்ற பேச்சே கிடையாது.

எழுத்து சொல்லித் தந்தது ஆத்தா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாகக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் வளர்ந்தவள் அவள். படிக்கத் தெரியும், தைக்கத் தெரியும். ஆனால் கீழே ஊரில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பது போல மலையில் முடியாது. மணல் ஏது? வருடத்தில் பாதி நாள் தரை சொதசொதவென்று கிடக்கும். விரலை வைத்தால் அட்டை ஏறும். அதனால் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி எழுத்துகளைச் செய்துவிட்டாள்.

முதலில் கேப்பை மாவில் செய்தாள். மாவைத் திரித்து வளைத்துச் சட்டியில் சுட்டு எடுப்பாள். பேரைச் சொன்னால்தான் தின்னலாம். தம்பிக்கு ட மட்டும்தான் தெரியும்.

"ஏலே, எத்தனை நாளைக்குத்தான் டனாவையே திம்ப? ஆனாவையும் தின்னு பாரு, அதுக்கும் இதே ருசிதான்" என்பாள்.

"அது பெருசா இருக்கு ஆத்தா. நாளைக்கித் திங்கிறேன்" என்பான் அவன்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேத விஷயம் உண்டு. ஆ என்றால் ஆட்டுக்குட்டி. எழுத்தின் முதுகு முழுக்கக் கஞ்சி தடவி இலவம்பஞ்சை ஒட்டிவிடுவாள். ச என்றால் சம்மனசு, அதாவது தேவதூதன், அதற்கு ஏல இலையைக் கிழித்து இரண்டு சிறகு. செ என்றால் செபமாலை. தோட்டத்தில் கழித்துப் போட்ட சொத்தைக் காய்களைக் கோர்த்து அந்த எழுத்தின் கழுத்தில் மாட்டுவாள். சூசையப்பர் தச்சர் என்பதால் சூ எழுத்துக்கு மரச்சீவல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் படித்தோம் என்றே எங்களுக்குத் தெரியாது. விளையாடினோம் என்றுதான் நினைத்தோம்.

ஒரு தொல்லை. எதுவும் நிற்காது. மாவைத் தின்றுவிடுவோம், இலை சுருண்டு பொடிந்துவிடும், களிமண்ணில் செய்தால் காயவே காயாது. பனை ஓலை இருந்தால் எத்தனை வருடமானாலும் கிடக்கும் என்று ஆத்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த உயரத்தில் பனை ஏது?

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை எங்கள் சனங்கள் வீட்டுக் கூரையில் செருகி வருடம் முழுக்க வைத்திருப்பார்கள். அடுத்த விபூதிப் புதன் வரும்போது உபதேசியார் வீடு வீடாகப் போய் அந்தப் பழைய ஓலைகளைச் சேர்ப்பார். அவற்றை எரித்த சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் இடுவார். அந்த வருடம் பெரியப்பா மலை வீடுகளில் ஓலையைச் சேர்த்துக்கொண்டு கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு தோளில் ஓலைக் கட்டு. இன்னொரு தோளில், சனங்கள் கொடுத்த மிளகும் தேனும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பி மனைவியும் மூத்தாரும் நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கம் இல்லை. அவர் வந்தால் ஆத்தா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன். அவர் பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது அவருக்குக் கேட்கும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாக ஆகும்.

"ஏத்தா, இந்தக் கட்டை உங்க ஆத்தாகிட்டக் குடு. ஓலை ஓலைன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சுல்ல, எழுத்து செஞ்சுக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆத்தா சொன்னாள்: "மந்திரிச்ச ஓலையாச்சே, சாம்பலுக்கு வேணுமேன்னு கேளு."

கேட்டேன்.

"கீழ சேத்ததே போதும்னு சொல்லு. பிள்ளைக வேதம் படிக்கத்தான ஆகுது, அதுவும் தேவகாரியம்தான்னு சொல்லு. வெரசாச் சொல்லு, எனக்குச் சோலி கிடக்கு."

சொன்னேன். கட்டை என் இரண்டு கையிலும் வைத்துவிட்டு மிளகு மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆத்தா கட்டைப் பிரிக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஓலையை வெந்நீரில் ஊற வைத்து, நார் நாராகக் கிழித்து, வளைத்து, முள்ளால் குத்தித் தைத்தாள். வெட்டி விழுந்த துண்டுகளைக்கூடக் குப்பையில் போடவில்லை. ஒரு சட்டியில் சேர்த்து மூடி வைத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே என்ன எழுத்து என்று சொல்லிவிடலாம்.

விபூதிப் புதனுக்கு இறங்கினோம். எங்களுடையது ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயில். வெள்ளைக்காரச் சாமியார் எப்போதாவதுதான் வருவார், அன்று வந்திருந்தார். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கலாம் என்று அப்போதுதான் புதிதாக உத்தரவு வந்திருந்தது. கர்த்தர் உயிர்த்த பாஸ்குத் திருநாளில் நான் நன்மை வாங்கத் தகுதியா என்று சாமியார் சோதிக்க வேண்டும். சாமியாரிடம் காட்டு என்று எழுத்துகளை எல்லாம் ஒரு ஓலைப் பெட்டியில் போட்டு என் தலையில் வைத்தது ஆத்தாதான். அவளுக்கு அதில் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை.

பூசை முடிந்தது. எல்லோர் நெற்றியிலும் சாம்பல். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். மந்திரங்களை ஒப்பித்தேன். "எழுத்துகளை அறிவாயோ?" என்று புத்தகத் தமிழில் கேட்டார். பெட்டியை அவர் காலடியில் கவிழ்த்தேன்.

அவர் ஆட்டுக்குட்டியை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். சம்மனசை உள்ளங்கையில் நிறுத்தி ஊதினார், சிறகு ஆடியது. நான் திரும்பி ஆத்தாவைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் முக்காட்டோடு நின்றிருந்தாள். பல் தெரிந்தது. அடுத்து அவர் தேவமாதாவின் தே எழுத்தை எடுத்தார். அதன் நுனியில், குருத்தோலை ஞாயிறன்று சனங்கள் முடைகிற குட்டிச் சிலுவை அப்படியே இருந்தது. அதைப் பிரிக்க ஆத்தாவுக்கு மனம் வரவில்லை போல.

"இது என்ன ஓலை?"

"குருத்தோலை சாமி. மந்திரிச்சது" என்றேன் சத்தமாக.

அவர் முகம் மாறியது. பெரியப்பாவைப் பார்த்து, "உபதேசியாரே, மலை வீடுகளின் ஓலையை நீர் சேர்த்துக் கொணரவில்லையா?" என்றார்.

பெரியப்பா கைகட்டி நின்றார். "சேத்தேன் சாமி. கட்டி வச்சேன். எறங்குறப்பப் பாத்தா ஒரு கட்டைக் காணல. ஆரு எடுத்தாகன்னு இப்பத்தான் தெரியுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, "நீங்கதான பெரியப்பா குடுத்தீக! ஆத்தாகிட்டச் சொல்லச் சொல்லி என் கையில குடுத்தீகளே!" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி பொஞ்சாதிகிட்ட நான் இன்னிய வரைக்கும் ஒத்த வார்த்தை பேசுனதில்ல சாமி. சனத்தைக் கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க சாமி, பேச மாட்டாக" என்றார்கள் நாலைந்து பேர். அது உண்மைதான். அவர் அவளிடம் பேசியதே இல்லை. உண்மையைச் சொல்லியே அவரால் பொய் சொல்ல முடிந்தது.

சாமியார் ஆத்தாவை முன்னால் வரச் சொன்னார். சாமியாரோடு பேச அவளுக்குத் தடை இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று நின்றேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாந்தான் எடுத்தேன் சாமி. பிள்ளை பொய் சொல்லுது."

கோயிலுக்குள் ஒரு இரைச்சல். "மடத்துல வளந்தவளாம், மந்திரிச்சதையே திருடியிருக்கா பாரேன்" என்றாள் ஒருத்தி. "மக மட்டும் லேசுப்பட்டவளா? பெரியப்பன் தலையில கட்டப் பாத்தாளே!" என்றாள் இன்னொருத்தி. நெற்றியில் இருந்த சாம்பலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றி அதைத் துடைத்தேன். மந்திரித்த சாம்பலையும் அழித்துவிட்டாள் என்று அதற்கும் ஏச்சு விழுந்தது.

தண்டனை சொன்னார் சாமியார். பாஸ்கு வரைக்குமான தபசு காலம் முழுக்க, ஞாயிறுதோறும் ஆத்தா கோயில் வாசலில் கைகளை விரித்து முழந்தாளில் நிற்க வேண்டும். பாஸ்குவுக்கு அவளுக்கு நன்மை கிடையாது. பீடத்துக்கு முன்னால் பொய் சொன்ன எனக்கும் இந்த வருடம் கிடையாது. மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக்கூடாது என்பதால் எழுத்துகளை வெளியே வைத்து எரித்தார்கள். தீ வைத்தது பெரியப்பா. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி முதலில் பற்றிக்கொண்டது. தம்பி ட எழுத்தைக் கேட்டு அழுதான். அதைத் தின்ன முடியாது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கழுத்து குனிகிறது. சனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குள் போவார்கள். சிலர் சேலை படாமல் இழுத்துக்கொள்வார்கள். கை தாழ்ந்தால் யாராவது ஒருவர் "கையைத் தூக்கு" என்பார். நான் உள்ளே பெரியம்மாவோடு உட்கார்ந்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஆத்தா நிற்கிறாள் என்பது பூசை முடியும் வரை முதுகில் உறைக்கும். பிள்ளைகள் என்னை 'ஓலைத் திருடி மக' என்றார்கள்.

மலையேறும்போது ஒருமுறை கேட்டேன்: "ஏன் ஆத்தா பொய் சொன்ன?"

"நடத்தா, பொழுது சாயுது" என்றாள்.

அவள் மறுபடி ஒரு எழுத்தும் செய்யவில்லை. மாவில்கூடச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவதும் நின்றது. என் தம்பி கடைசி வரைக்கும் கைநாட்டாகவே இருந்து செத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலிலிருந்து எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ஆத்தா நேரே பெரியப்பா வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக அப்பாவைப் பார்க்கப் போவாள். அவள் திருடி என்று ஊரைச் சொல்ல வைத்த மனிதரின் வீட்டுக்கு எப்படிப் போகிறாள், சொரணை இல்லையா என்று எனக்கு அசிங்கமாக இருக்கும். அப்பா திண்டில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். வாரத்துக்கு வாரம் தேறினார். மழை பிடிப்பதற்குள் எழுந்து நடந்தார்.

அந்த வீடு கோயில் வீடு என்பது அப்போது எனக்குத் தெரியாது. உபதேசியார் வேலை இருக்கும் வரைதான் அந்தக் கூரை. வேலை போனால் பெரியப்பா சாமான்களை வண்டியில் ஏற்றிச் சிலமலைக்கு மாமியார் வீட்டோடு போயிருப்பார். என் அப்பாவை எங்கே தூக்கிக்கொண்டு போவது? மறுபடி மலைக்கா, அந்தக் காய்ச்சலுக்கா? அன்று நெற்றியில் இட்டது என்ன சாம்பல் என்பதும் எனக்குத் தெரியாது. சாகும் முன் பெரியம்மா சொன்னாள்: கீழ் வீடுகளில் அவர் ஓலை சேர்க்கவே இல்லை. கொல்லையில் கிடந்த தென்னை மட்டையை எரித்துக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டு ஓலைக்காக மட்டும் அவர் பயப்படவில்லை. ஆத்தாவுக்கு அந்தச் சாம்பல் விஷயம் தெரிந்திருக்காது. ஆனால் அவர் வேலை போய்விடும் என்பது முக்காட்டை இழுக்கிற நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. நான் அவளை மானம் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் வளர்ந்தேன்.

இப்போது பெரியப்பாவின் மூத்த மகன், என் அண்ணன், கோயில் சுவரில் கல் பதிக்கப் போகிறாராம். மலைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் என்று அவர் அப்பாவின் பேரை வெட்டியாகிவிட்டதாம். அண்ணனே, அன்று நீங்களும் அந்தக் கோயிலுக்குள் நின்றீர்கள். சாம்பல் விஷயத்தைப் பெரியம்மா சொன்னபோது நீங்களும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கல்லைப் பதிப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலைவதற்குள் எழுந்து நில்லுங்கள். அந்த ஓலையை என் ஆத்தா திருடினாளா, உங்கள் அப்பா கொடுத்தாரா? எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.