கூட்டம் முடிந்தும் உட்கார்ந்திருந்தவர்

தில்லி ஆர்.கே.புரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது பாக்கியம் போனில் அழைத்தாள். "அக்கா, மேரியக்கா போயிட்டாங்க," என்றாள். பேருந்து வந்தது. ஏறத் தோன்றவில்லை.

தோழர் மேரியை உங்களில் பலருக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்காரர். தில்லியில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், முனிர்காவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். எங்கள் கட்சியில் புரட்சியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். பெண்களின் விஷயம் மட்டும் எப்போதும் கடைசியில் இருக்கும். அது வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

பாக்கியம் வீட்டுவேலை செய்பவள். அப்போது தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தாள். அவளை அடித்த கணவனும் எங்கள் தோழர்தான், கோஷம் போடுவதில் கெட்டிக்காரர். மேரி அதைக் கூட்டத்தில் எழுப்பினார். "குடும்ப விஷயம். அடுத்த தடவை பாக்கலாம்," என்று செயலாளர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். மேரி அசையவில்லை.

"கூட்டம் முடிஞ்சுது தோழர்."

"ஒங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு முடியல. நீங்க போங்க, நான் இருக்கேன்."

மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள். தில்லியின் ஜூன் மாதம் அது. நானும் பாக்கியமும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். வியர்வையில் உடம்பெல்லாம் நனைந்துபோன பிறகு செயலாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கணவனைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். கட்சியை உடைப்பவர் என்ற பெயர் மேரிக்கு வந்தது. பிறகு பெண்கள் குழு ஒன்று அமைந்தது. அதிலும் ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"போலீஸ்காரன்கிட்ட அடி வாங்குனாக்கூட சலிக்கல பிள்ள. நம்ம ஆளுங்களுக்கு விளக்கிச் சொல்லுததுதான் சலிக்கு," என்பார்.

போன ஞாயிறு இரங்கல் கூட்டம். ஆண் தோழர்கள் வரிசையாகப் பேசினார்கள். 'எங்களுக்கெல்லாம் தேநீர் போட்டுத் தந்த தாய்' என்றார் ஒருவர். மேரி அலுவலகத்தில் தேநீர் போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேம்ப்பை இடித்தபின் நகரத்தின் கோடியிலிருக்கும் நரேலாவுக்குப் போய்விட்ட பாக்கியம், மேரியைப் பற்றிப் பேசவென்று பேருந்து மாறி மாறி வந்திருந்தாள். அவளைக் கடைசியில் வைத்திருந்தார்கள். அவள் முறை வருமுன்பே, நேரமாகிவிட்டது என்று நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. பாக்கியமும் மற்ற பெண்களும் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுது தோழர்," என்றார் தலைவர்.

"எங்களுக்கு முடியல," என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தார். "அச்சா, ஜல்தி சொல்லுங்க."

"ஜல்தியெல்லாம் முடியாது. மெதுவாத்தான் சொல்லுவேன்," என்று எழுந்தாள் பாக்கியம்.

மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். இந்த வயதிலும் இதையே செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது. முட்டி வேறு வலித்தது. ஆனால் பாக்கியம் பேசி முடிக்கும்வரை யாரும் மின்விசிறியை நிறுத்தவில்லை.