மேல் வரிசைப் பல் மட்டும்

என் அத்தானோடு, அதாவது அக்கா புருஷனோடு, ஒரே வீட்டில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை, முப்பத்தொரு வருடமாக. கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு மின்விசிறி, அதற்குள் அவர். ஊருக்கு அவர் பெயர் மைக்காரர். வேலை முடிந்து வந்தாலும் மைக் மட்டும் அங்கே இருக்குமே தவிர, குரல் வீட்டுக்கு வந்துவிடும். “குளியலறை இன்னும் ஐந்து நிமிடங்களில் காலியாகும். அடுத்துச் செல்வோர் துண்டுடன் தயாராக இருக்கவும்” என்று உள்ளிருந்து அறிவிப்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நான் நிலைய வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆக, கடையிலும் அவர், வீட்டிலும் அவர். என் காது என்ன பாவம் செய்ததோ தெரியாது.

அப்படிப்பட்டவருக்குப் பல் போனது. ஒன்றிரண்டு இல்லை, மொத்தமும். பல் டாக்டர் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கிலி. ஈறு வீங்கி, கன்னம் வீங்கி, கடைசியில் மிச்சமிருந்ததையும் எடுத்தே ஆகவேண்டும் என்று ஆனது. புண் ஆறிப் பல்செட் கட்ட மூன்று மாதம் என்றார்கள். அதுவரை அலுவலகம் மைக்கில் யார் யாரையோ மாற்றி மாற்றிப் பேசவிட்டு, அவரைத் தொலைந்த சாமான் அறையில் உட்காரவைத்தது. குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் பேசமுடியும்? ஆள் பாதியாகிவிட்டார்.

போதாக்குறைக்கு, மேலதிகாரி ஒரு மெஷின் வாங்க முடிவு செய்திருந்தார். தானாகவே வண்டி எண்ணையும் நேரத்தையும் சொல்லுமாம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. மெஷின் சரிப்பட்டால் அத்தானுக்கு ஓய்வு பெறும்வரை குடைகள்தான்.

“மைக் போச்சுன்னா நான் யாரு?” என்று புதன்கிழமை சாப்பிடும்போது கேட்டார். குழைந்த சோறு அப்படியே தட்டில் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பல்செட் தயார் என்று அழைப்பு வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல். நான் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போனேன். டாக்டரம்மா மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் மாட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கழற்றி வெளியே கொடுத்தனுப்பினார். பல் செய்கிற பட்டறையின் ஆள் இரண்டு சிறிய டப்பாக்களோடு வரவேற்பில் நின்றிருந்தார். பணம் அவரிடம் கட்டினால் பல் நம் கையில். அத்தான் கம்பீரமாக வங்கி அட்டையை நீட்டினார். அந்த ஆளின் கையிலிருந்த அட்டை மெஷின் பீப் என்றது.

“சார், லிமிட் தாண்டுதுன்னு வருது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு உங்க பேங்க் வச்சிருக்கு.”

“எவன் வச்சான்? என் காசுய்யா அது!”

இதை அவர் பல் இல்லாமல் சொன்னார். பாதி காற்று, பாதி எச்சில். நான் உங்களுக்காகத் திருத்தி எழுதுகிறேன்.

கைப்பேசியைத் தோண்டினால், ‘தங்கள் பாதுகாப்பு கருதி’ தினசரி வரம்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம் என்று பத்து நாளுக்கு முன் வங்கி ஒரு செய்தி அனுப்பியிருந்தது. மனுஷன் காசை மனுஷனிடமிருந்தே பாதுகாக்கிறார்களாம்! ஏடிஎம்மில் எடுத்தாலும் அதே கணக்கில்தான் சேருமாம். என் அட்டை காலாவதியாகி, புதிது ‘வந்துகொண்டிருக்கிறது’, ஏழு வாரமாக. நடந்து வந்திருந்தாலே இந்நேரம் சேர்ந்திருக்கும். என் கல்லாவில் இருந்ததோ சில்லறை.

“பாதிக் காசு எடுத்துக்குது, மேல் வரிசை வேணா தர்றேன்” என்றார் பட்டறைக்காரர். “அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள மீதி வந்தா கீழ் வரிசை. இல்லன்னா இனிமே திங்கக்கிழமைதான் வருவேன்.”

அத்தான் பாதியைக் கட்டி மேல் வரிசையை மாட்டிக்கொண்டு, வரம்பை ஏற்றச் சொல்ல வங்கியின் எண்ணுக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் சங்கீதம். பிறகு ஒரு பெண் குரல், மனுஷி இல்லை, மெஷின்: “அடையாளத்தைச் சரிபார்க்க, ‘என் குரலே என் கையொப்பம்’ என்று சொல்லவும்.” இரண்டு வருடத்துக்கு முன் அத்தான் பெருமையாகப் பதிந்து வைத்த வசதி அது. என் குரலை யாராலும் திருட முடியாது என்று வீடு முழுக்க அறிவித்தவர்.

இப்போது சொன்னார். மேல் பல் கடிக்க ஒன்றும் கிடைக்காமல் கடகடவென்று ஆடியது.

“குரல் பொருந்தவில்லை.”

பல்லைக் கழற்றிவிட்டுச் சொன்னார். பொருந்தவில்லை. பல்லைக் கட்டைவிரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

“குரல் பொருந்தவில்லை. தங்கள் பாதுகாப்பு கருதி அட்டை முடக்கப்படுகிறது. நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “கிளம்புங்க அத்தான், நேர்ல போய் ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்” என்று ஆட்டோவில் ஏற்றினேன்.

அந்த வங்கிக் கிளையில் முன்பெல்லாம் ஆறு கவுண்டர் இருக்கும். கணக்கர் ஒருவர் அத்தானைப் பார்த்ததும் “வாங்க மைக்காரரே, என்ன இன்னிக்கு சத்தமே காணோம்?” என்பார். அவரையெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். இப்போது உள்ளே நீல சோபா, பிளாஸ்டிக் செடி, சுவரில் சிரிக்கிற குடும்பத்தின் படம். ஒரே ஒரு பெண், கையில் டேப்லெட்.

“டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க.”

டோக்கன் மெஷின் அட்டையைச் செருகச் சொன்னது. செருகினோம். அட்டை முடக்கப்பட்டதால் டோக்கன் இல்லை என்றது. அந்த நீல சோபாவில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் டோக்கன் இல்லாமல் பேசமாட்டேன் என்றாள் அந்தப் பெண். நான் சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேசினால்தான் எழுந்திருப்பேன் என்றேன். பேசினாள்.

“மேடம், இது இப்ப பிராஞ்ச் இல்ல. அனுபவ மையம். சர்வீஸ் எல்லாம் போன்லதான்.”

“நல்ல அனுபவம்தான்மா! இவர் குரல் மாறிப்போச்சு, பல்லு இல்ல. கண்ணுக்கு முன்னாடி ஆள் நிக்கிறாரு, அடையாள அட்டை கையில இருக்கு. இவர்தான் அவர்னு ஒரு பட்டனை அமுக்க முடியாதா?”

“புதுக் குரலைப் பதிஞ்சுக்கலாம் மேடம்.”

“அப்பாடா. பதிஞ்சுக்கோ.”

“அதுக்கு முதல்ல பழைய குரல்ல ஒரு தடவை சம்மதம் சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. மேல் பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அந்தப் பெண்ணிடம் நீட்டி, “இதோட கீழ்ப் பாதியை வாங்க உங்ககிட்ட என் காசைக் கேக்கறேன். பிச்சை கேக்கல” என்றார். அவள் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளுக்கும் அந்த எண்ணைத் தவிர வேறு எண் தெரியாது. அவளே போட்டுக் கொடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் சங்கீதம், பிறகு அதே ‘குரல் பொருந்தவில்லை’. பட்டறைக்காரரிடம் கெஞ்சியாவது பார்க்கலாம் என்று நாங்கள் திரும்பி ஓடியபோது மணி ஐந்தேகால். ஆள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு நான் கடையைத் திறக்காமல் கூண்டுக்கு வெளியே போய் நின்றேன். சும்மா இருக்க முடியவில்லை. அதிகாரி புதுச் சட்டையும் கோப்புமாக நின்றார். மெஷினைக் கொண்டுவந்த ஆள் ஒரு பட்டனைத் தட்ட, தேன் மாதிரி ஒரு குரல் வந்தது. திருத்தமான உச்சரிப்பு, ஒரு பிசிறு இல்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே கோப்பில் ஏதோ எழுதினார். அத்தான் ஓரமாகச் சுவரோடு சுவராக நின்றார்.

அப்போதுதான் மூன்றாம் நிறுத்தத்தில் ஒரு வண்டி ரிப்பேராகி நின்றுவிட்டது. துறைமுகம் போகிற பதினேழாம் எண் வண்டியை ஆறாம் நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். மெஷின் அதை அழகாக அறிவித்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மறுபடி அறிவித்தது. ஏதோ சோப்பு விளம்பரம் ஓடுகிறது என்பதுபோல் அறுபது எழுபது பேர் மூன்றாம் நிறுத்தத்திலேயே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் நிறுத்தத்தில் டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

அத்தானால் தாங்கமுடியவில்லை. மேல் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

“ஷுறைமுகம் ஷெல்லும் பஷினேழாம் எண் வண்டி ஆறாவஷு நிறுஷ்ஷஷ்ஷில் நிக்கிஷு! ஓடுங்க!”

எனக்கு மானம் போனது. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது. மூட்டையைத் தூக்கினார்கள், பிள்ளையை இடுப்பில் போட்டார்கள், நேராக ஆறாம் நிறுத்தத்துக்கு ஓடினார்கள்.

அதிகாரி ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மாளை நிறுத்தினார். “ஏம்மா, அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரியாம என்ன? மைக்காரர்தானே சொல்றாரு!”

அந்த அம்மாள் இரண்டு பைகளோடு கூண்டு ஜன்னலுக்கு வந்து, உள்ளே பார்த்துச் சண்டைக்கு நின்றாள். “மூணு மாசமா எங்கய்யா போயிட்டீங்க? எவன் எவனோ என்னென்னவோ சொல்றான். நான் நாலு வண்டிய விட்டுட்டேன், தெரியுமா?”

அத்தான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு, மெஷின்காரரிடம் அதை வண்டியில் திரும்ப ஏற்றச் சொன்னார்.

“இங்கதான் இருக்காரும்மா, இனிமே எங்கயும் போகமாட்டாரு” என்று நான்தான் அந்த அம்மாளுக்குச் சொன்னேன். “நீங்க ஓடுங்க, அஞ்சாவது வண்டியும் போயிடப்போகுது.”