புது ராக்கரில் பழைய சத்தம்

எங்கள் எஸ்டேட் லோரியின் எஞ்சின் தட்ட ஆரம்பித்த வருஷம் நான் அங்கே பழுது பார்க்கும் பிட்டர், என் மனைவியின் அண்ணன் டிரைவர். வாரம் இரண்டு தடவை பகாவ் டவுனுக்குப் போய் மொத்த எஸ்டேட்டுக்கும் அரிசி ஏற்றிவருவது அவருடைய வேலை. அந்த லோரியை ஓட வைப்பது என்னுடைய வேலை. லோரிக் கொட்டகையில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். தங்கையைக் கொடுத்ததும் அவர்தான்.

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் ஒடுக்கிய அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, கேட்டில் துப்பாக்கி. அரிசி ஏற்றிய லோரி வழியில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. நின்றால் காட்டுக்காரர்களுக்கு அரிசி இறங்கியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பழுதாகி நின்றிருந்தால் என்ன பழுது என்று நான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் முதலில் உள்ளே தள்ளுவார்கள், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவன் நான். அங்கே போனால் எந்த வாசலில் போய் நிற்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் தடவை வந்த சத்தம் நிஜமான சத்தம். அதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். கீழிருந்து கனமாக இடித்தால் பேரிங் போய்விட்டது, உடனே நிறுத்த வேண்டும். இது மேலிருந்து, மூடிக்கு அடியிலிருந்து, தையல் மெஷின் மாதிரி விடாமல் தட்டியது. அங்கேதான் ராக்கர்கள் இருக்கின்றன. வால்வுகளை மேலும் கீழும் அமுக்கிவிடும் சின்ன இரும்புக் கைகள். வால்வுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் தட்டும்.

அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தேன், இடைவெளி சரியாக இருந்தது. மூடியைப் போட்டு ஓட்டினால் மறுபடி அதே தட்டல். இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் ஒரு ராக்கரைக் கழற்றி நுனியை விரலால் தடவினேன். தேய்ந்து குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு குழியின் இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருந்த பள்ளத்தைக் காட்டாமல் ஏமாற்றியிருக்கிறது. சிரம்பானுக்கு எழுதிப் புது ராக்கர் கேட்டேன். வந்துசேரும்வரைக்கும் மச்சானுக்கு ஒரு புத்திமதி சொன்னேன்.

"சத்தம் பெருசா வந்தா விடாப்பிடியா ஓட்டாதீங்க மச்சான். ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. நான் சீட்டு எழுதித் தரேன்."

"நீ சொன்னா சரி மாப்ள. எனக்கென்னலா தெரியும் எஞ்சினப் பத்தி," என்றார்.

புது ராக்கர்கள் வந்தன. எல்லாவற்றையும் நானே மாட்டினேன். லோரி பூனை மாதிரி ஓடியது. துரை கொட்டகைக்கு வந்து நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

மூன்றாவது வாரம் பகாவிலிருந்து திரும்பும்போது லோரி மறுபடி தட்டிக்கொண்டே வந்தது. வழியில் நிறுத்தி ஆற விட்டதாகச் சொன்னார். திறந்து பார்த்தால், ஒரு ராக்கரின் திருகு தளர்ந்திருந்தது. அதை அசையாமல் பிடிக்கும் நட்டு கழன்றிருந்தது. நான்தான் சரியாக முடுக்கவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு முடுக்கினேன், சீட்டும் எழுதினேன். பத்து நாளில் மறுபடி தளர்ந்தது. மறுபடி சீட்டு.

மூன்றாவது தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நட்டின் மூலையில் புதிதாக ஒரு கீறல். ஸ்பேனர் வழுக்கி விழுந்த கீறல். அந்த மாதிரிக் கீறுகிற ஸ்பேனர் ஒன்றுதான் எங்கள் எஸ்டேட்டில் உண்டு. வாயில் ஒரு ஓரம் உடைந்தது. வழியில் அவசரத்துக்கு வேண்டும் என்று கேட்டு மச்சான் என்னிடமிருந்து வாங்கிப் போனது.

கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கையைப் பிடித்துக் கேட் பக்கத்தில் இருந்த முனியாண்டி சாமியிடம் கூட்டிப்போனார். சூடம் ஏற்றினார். "எஞ்சினத் தொட்டிருந்தா இந்தக் கையி வெளங்காமப் போவட்டும் மாப்ள," என்று சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

எங்கள் ஆட்களிடம் அதற்குமேல் கேள்வி கிடையாது. சூடத்தை அணைத்தவனைச் சந்தேகப்பட்டால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. என் காது கேட்டது, என் கண் பார்த்தது, இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, 'தேய்மானத்தால் தளர்ச்சி' என்று மூன்றாவது சீட்டை எழுதினேன். புது நட்டு, புதுத் திருகு. எந்தத் தேய்மானம்? எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

அடுத்த வாரம் காலையில் என் கருவிப் பெட்டியைத் திறந்தால், மேலேயே அந்த உடைந்த வாய் ஸ்பேனர். மனசு இளகிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு திருப்பி வைத்திருக்கிறார், இனிமேல் செய்ய மாட்டார், என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பெட்டியை எப்போதும் பூட்டிவைப்பவன் நான் என்பது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

அன்று மத்தியானமே மச்சானைப் பிடித்துவிட்டார்கள். பகாவுக்கு வெளியே நாலாவது மைலில் லோரி தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பின்னாலேயே வந்த போலீஸ், சாலை ஓரப் புதரில் ஒரு டின் நிறைய அரிசியை எடுத்திருக்கிறது. சாக்கைப் பிரிக்காமலே அரிசியை உருவும் கடைக்காரர்களின் குத்தூசி டிரைவர் இருக்கைக்கு அடியில் கிடந்திருக்கிறது.

ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டபோது நான் ஒரு முடிவோடுதான் போனேன். ராக்கர் கோளாறு, லோரி நின்றே ஆக வேண்டும் என்று சாதித்துவிடுவது. அரிசிக்கு வேறு ஏதாவது அவரே சொல்லிக்கொள்ளட்டும். என் மூன்று சீட்டுகளும் மேசைமேல் இருந்தன. பக்கத்தில் என் பெட்டியிலிருந்து எடுத்துவந்த ஸ்பேனர்.

மச்சான் கொடுத்த வாக்குமூலத்தை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தமிழில் வாசித்தார். காலையில் கொட்டகையில் நட்டைத் தளர்த்தியது பிட்டராம். எந்த மைலில் நிறுத்த வேண்டும் என்று சொன்னதும் பிட்டராம். அரிசியைக் காட்டுக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னதும் பிட்டராம். தளர்த்திய ஸ்பேனர் பிட்டரின் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாராம். சூடத்தை அணைத்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

நான் காப்பாற்றப் போனவன். அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வது? கோபம்கூட முதலில் வரவில்லை. அழுகைதான் வந்தது. பிறகு நிதானம் வந்தது. எஞ்சினைப் பற்றிப் பேசினால் எனக்கு நிதானம் வந்துவிடும்.

"திருகு எவ்வளவு தளர்ந்திருக்கு?" என்று கேட்டேன். இரண்டு முழுச் சுற்று என்றார்கள். "அப்படின்னா கிளப்புன நிமிஷத்துலயிருந்து ஊரே கேக்குற மாதிரித் தட்டும்ங்க. காலையில நான் தளத்தியிருந்தா, இங்க கேட்டுலயே கேட்டிருக்கும். பகாவ் ரோட்டுல லோரியச் சோதிச்ச ஆளுங்களக் கேளுங்க, எப்படிச் சத்தம் போட்டுச்சுன்னு."

இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். சாயந்திரத்துக்குள் பதில் வந்தது. அரிசி ஏற்றிய லோரியைச் சோதித்த மலாய்க் கான்ஸ்டபிள் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: "செனியாப்." சத்தமே இல்லை. சோதனைச் சாவடியிலிருந்து நாலாவது மைல்வரைக்கும் லோரியில் இருந்தது மச்சான் மட்டும்தான். அன்று நட்டைத் தளர்த்திய வேறொரு ஸ்பேனரும் பிறகு அவர் இருக்கைக்குப் பின்னால் கிடைத்தது. என்னை விட்டுவிட்டார்கள். அவரைக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் பூட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் அரைஞாண் கயிற்றில். இன்னொன்று வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால், ஆணியில்.

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்பேனர யாரு பெட்டியில வச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். மாட்டிக்கிட்டா பழி உங்க மேல போகும்னு அண்ணன் சொன்னாரு." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "உங்களுக்கு வேல தெரியும். பேசித் தப்பிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். அண்ணனுக்கு அதுவும் தெரியாதுலா."

அவள் நினைத்தபடிதான் நடந்தது, நான் தப்பித்துக்கொண்டேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அன்றைக்கு அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். மறுவாரம் பகாவில் பெட்டிக்கு வேறு பூட்டு வாங்கினேன். அதோடும் இரண்டு சாவி வந்தது. அவளோடு வாழ்ந்த வருஷமெல்லாம் இரண்டும் என் இடுப்பிலேயே கிடந்தன. ஆணி காலியாக இருப்பதை அவள் தினமும் சாமி கும்பிடும்போது பார்த்தாள், ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.