ஸ்கேன் மேஜையில் நாத்தனார்

எலும்பு ஸ்கேன் அறையில் அவளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். ஊசி போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, அப்புறம்தான் மெஷினில் படுக்க வைப்பாள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் திரையில் அந்த இடம் கறுத்துத் தெரியும். அதைச் சொல்வது மட்டும் அவள் வேலையில்லை. யார் கெஞ்சினாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "டாக்டர் சொல்வாரு" என்பாள்.

வீட்டிலும் அதே மூஞ்சிதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் பெரிய நாத்தனார். இருவருக்கும் இவள் கல்யாணத்தன்றிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வருஷம், இடுப்பு வலி என்று அந்த நாத்தனாரே மெஷினில் வந்து படுத்தாள்.

"உன் சமையல் மாதிரி அரைகுறையா எடுக்காதே."

இவள் மெஷினை ஓட்டினாள். திரையைப் பார்த்த இருபது நிமிஷமும் முகத்தில் ஓர் அசைவில்லை.

முடிந்ததும் மேஜையை இறக்கினாள். மூலையில் கிடந்த நாத்தனாரின் செருப்பை எடுத்து வந்து, குனிந்து அவள் காலடியில் வைத்தாள்.

நாத்தனார் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எத்தனை இடத்துல இருக்கு?"

"டாக்டர் சொல்வாரு, அண்ணி."

"நீதான் சொல்லிட்டியே. எத்தனை இடம்னுதான் கேக்கறேன்."