கேதத்துக்குப் போன இளவரசி

கவலைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மழை பெய்தால் மண் சரியும் என்று கவலை. பெய்யாவிட்டால் கொழுந்து வராது, பேக்டரியில் வேலை இருக்காது என்று கவலை. இரண்டும் இல்லாத நல்ல வெயில் நாளில், ஏன் எல்லாம் இப்படிச் சரியாக இருக்கிறது என்று கவலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் என்ன தப்பாக வந்துவிடுமோ என்று, தேயிலைத்தூள் பாக்கெட் போடும் இடத்தில்கூடத் தலையை ஆட்டியே பாதிப் பதிலைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அழிந்துபோன ராஜ்ஜியத்தின் வாரிசு நான்தான் என்று பல ஊர்க்காரர்கள் கேட்கப் பேசினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றுக்குள் யாரோ கொலுசு கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

எல்லாம் என் நாத்தனாரால் வந்தது. நான் குன்னூருக்குக் கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரே அறையில் படுத்தோம், ஒரே சீப்புக்குச் சண்டை போட்டோம். ஒரு மழைக்காலத்தில் ரோடு சரிந்து பேக்டரியை மூடியிருந்தபோது, என் போனைப் பிடுங்கி அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். வாள், குதிரை, பனி மலை, மந்திரக்காரி. முதல் நாளே என் குதிரை பள்ளத்தில் விழுந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவளைக் கூடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நல்ல இடம், நல்ல மனிதர்கள். போனில் பேசினால் பக்கத்தில் மாமியார் இருப்பார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். "சாப்பிட்டீங்களா நங்கையா", "சாப்பிட்டேன் அம்மணி", அதற்கு மேல் பேச்சு நகராது. விளையாட்டுக்குள் வந்துவிட்டால் அவள் பழைய ஆள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் இருவரும் உள்ளே வந்துவிடுவோம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓநாய்களை வெட்டியபடியே ஒரு நாள் சொன்னாள்: "நங்கையா, இங்க யாருமே எங்கூடச் சண்டை போட மாட்டேங்கறாங்க. எல்லாம் மரியாதையா இருக்காங்க. எனக்கு அழுகையா வருது." எனக்குக் கை நின்றுவிட்டது. ஓநாய் என்னைத் தின்றுவிட்டது.

அதனால்தான், அந்த அறிவிப்பு வந்தபோது எனக்கு உயிரே போனது மாதிரி இருந்தது.

அந்த விளையாட்டின் கதை இது. மலைமேல் ஒரு ராஜ்ஜியம். படைத்தலைவன் துரோகி. ஒரு விருந்து நாளில் அரண்மனைக் கதவைச் சாத்தி, ராஜ ரத்தம் உள்ள அத்தனை பேரையும் வெட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தப்பியது மூன்று கிளை. ஒன்று கடல் தாண்டிப் போனது. ஒன்று காட்டுக்குள் போனது. மூன்றாவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் உண்டு: அது பிழைத்தது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. விளையாடுகிறவர்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருப்போம். எங்கள் கூட்டத்தில் நாங்கள் இருவரும், முகமோ குரலோ தெரியாத இன்னும் மூன்று பேரும்.

அறிவிப்பு இதுதான். ராஜ ரத்தம் இல்லாத கூட்டங்கள் எல்லாம் கலைக்கப்படும். அதில் இருப்பவர்களைப் பெரிய கூட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு கிளைகளைப் பெரிய கம்ப்யூட்டரில் விளையாடுகிற கூட்டங்கள் ஏற்கனவே பிடித்துவிட்டன. மூன்றாம் கிளை எப்படிப் பிழைத்தது என்று எந்தக் கூட்டம் நம்பும்படியாகச் சொல்கிறதோ, அந்தக் கிளை அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட்க, வாயால் சொல்லவேண்டும்.

"கலைச்சா அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போயிருவோமுங்க," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுகிறவர்.

"ஏம்புள்ள, ராஜா செத்து எத்தன வருசமாச்சு?"

"ஆயிரம் வருசமுங்க."

"அப்பப் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சிருக்கும். விடு."

நாத்தனார் விடவில்லை. கதையை அவளே கட்டினாள். ராணி தன் மூன்றாவது பெண் குழந்தையைத் தாமிரக் குடத்தில் வைத்து ஆற்றில் விடுகிறாள். காட்டில் ஒரு சிறுத்தை அதை எடுத்து வளர்க்கிறது.

"சிறுத்தை எப்படி அம்மணி வளர்க்கும்? பக்கத்து வீட்டு நாயவே தூக்கீட்டுப் போயிருச்சு."

"இது வேற சிறுத்தைங்க."

"குடம் கவுந்துட்டா?"

"நங்கையா, நீங்க பேசப் போறதில்ல. நான்தான் பேசப் போறேன். நீங்க பயப்படற வேலைய மட்டும் பாருங்க."

அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் முறைக்குக் கொஞ்சம் முன்னால் அவளிடமிருந்து போன். கூடலூரில் காற்றும் மழையுமாக இருக்கிறது, பேச்சு மட்டும் வருகிறது, நெட் சுத்தமாக வரவில்லை.

"நீங்க பேசீருங்க நங்கையா. குடம், ஆறு, சிறுத்தை. அவ்வளவுதானுங்க."

"என்னால முடியாது அம்மணி. எனக்கு இப்பவே தண்ணி தாகமா இருக்குது."

"பேசாட்டி நம்மளப் பிரிச்சிருவாங்க," என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. அதற்குள் லைனும் போய்விட்டது.

பகல் நேரத்தில் எங்கள் வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது வீட்டுக்கு மேலே, தேயிலைச் செடிகளை ஒட்டி இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான். ஏறி உட்கார்ந்தேன். குடம், ஆறு, சிறுத்தை என்று சொல்லிக்கொண்டே காதில் மாட்டினேன். நடத்துகிறவர் ஒரு பெண். புத்தகத்தில் இருப்பது போலவே பேசினார். முன்னால் பேசிய கூட்டத்துக்காரர் ஒருவர் மந்திரக் கண்ணாடி என்றார். இன்னொருவர் இரட்டைக் குழந்தை, ஆள் மாறாட்டம் என்றார்.

"அடுத்த கூட்டம் பேசலாம்," என்றார் அந்தப் பெண்.

அதே நேரத்தில் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வெளியே வந்தது. கூட்டமாக வந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். இது ஒற்றை. தொட்டிக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவில் வந்து நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து, மூச்சு விட்டது. சத்தமாகப் பேசினால் மிரளும். இறங்கி ஓடவும் வழியில்லை. நான் அசையாமல் உட்கார்ந்து, மூச்சுக் காற்றிலேயே, ஒவ்வொரு சொல்லாக விட்டேன்.

"வணக்கமுங்க. நாங்க. மூணாவது கிளைங்க."

"குரலே கதை சொல்கிறது," என்றார் அந்தப் பெண். "தொடருங்கள். ஒரு கேள்வி. விருந்து நாளில் ராஜ ரத்தம் உள்ள எல்லோரும் உள்ளே இருந்தார்கள், கதவு சாத்தப்பட்டது என்று வரலாறு சொல்கிறது. உங்கள் இளவரசி மட்டும் எப்படி உள்ளே இல்லாமல் போனாள்?"

குடம் நினைவில் இல்லை. ஆறு இல்லை. கண்ணெதிரே இரண்டு கொம்பு மட்டும் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அவ அன்னைக்கு லீவுங்க."

"லீவா?"

"ஆமாங்க. கேதத்துக்குப் போயிருந்தா."

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதத்துக்குப் போவது என்போம். யார் வீட்டில் சாவு என்றாலும் வீட்டுக்கு ஒருவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டும். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். ராஜா வீடு மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யார் இறந்தது?"

"குதிரைக்குப் புல்லறுக்கற அம்மாவோட மாமியாருங்க."

"அங்கெல்லாம் ராஜ குடும்பம் போகுமா?"

"போகாட்டி நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுமாங்க? விருந்தும் அன்னைக்கே, கேதமும் அன்னைக்கே. மூத்தவ போனா விருந்துல எங்கேன்னு கேப்பாங்க. ரெண்டாவது பொண்ணு பாடோணும். மூணாவதுதான் சும்மா இருக்குது. அவளப் போயிட்டு வரச் சொல்லிட்டாங்க."

இதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது பெண் நான்தான். கல்யாணத்துக்கெல்லாம் அக்காக்கள் போவார்கள். கேதத்துக்கு என்னை அனுப்புவார்கள்.

"போனவள் விருந்துக்குள் திரும்பியிருக்கலாமே?"

"எடுக்கற வரைக்கும் இருக்கோணுமுங்க. பாதியில வந்தா நல்லாவா இருக்கும்? அப்பறம் குளிக்காம ஊட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது. அவ ஆத்துல குளிச்சிட்டு இருந்தா. அதுக்குள்ள இங்க கதவச் சாத்திப்போட்டாங்க."

காட்டெருமை ஒரு காலை மாற்றி வைத்தது. நான் இன்னும் குரலைத் தாழ்த்தினேன்.

"ஈரத் துணியோட அவ நிக்கறாங்க. இங்கிருந்து அலறல் கேக்குது."

யாரோ ஒரு பையன் "யப்பா" என்றான். உடனே மந்திரக் கண்ணாடிக்காரர் குறுக்கே வந்தார். வக்கீல் மாதிரிப் பேச்சு.

"ஒரு நிமிஷம் மேடம். வீட்டுக்கு ஒருத்தர்னா, மந்திரி வீட்ல இருந்தும் ஒருத்தர் போயிருக்கணும், கணக்கர் வீட்ல இருந்தும் ஒருத்தர் போயிருக்கணும். அப்ப அவங்களும்தானே பிழைச்சிருப்பாங்க?"

மாட்டிவிட்டார் என்று எனக்குப் புரியவே இல்லை.

"ஆமாங்க. எல்லா ஊட்லருந்தும் ஒருத்தர் பொழச்சிருப்பாங்க."

"அவங்களுக்கு ராஜ ரத்தம் எப்படி வரும்?"

"ராஜாவோட தங்கச்சிகள, அத்தைகள எல்லாம் எங்கீங்க கட்டிக்கொடுத்தாங்க? இந்த ஊடுகளுக்குத்தானுங்களே. கட்டிக்கொடுத்தா ரத்தம் இல்லாமப் போயிருமாங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. முதலில் ஒரு சின்னக் குரல், திருநெல்வேலிப் பக்கம் போல: "அக்கா, அப்ப எங்க வீட்ல இருந்தும் ஒரு ஆளு போயிருப்பாவல்லா?" கலைக்கப்படப் போகிற இன்னொரு கூட்டம் அது.

"கட்டாயம் போயிருப்பாங்க கண்ணு," என்றேன்.

"எங்க சித்தப்பு போனாருங்க, பாடையே அவருதான் கட்டுனது," என்றது ஒரு மதுரைக் குரல். எங்கள் வீட்டு ஆள்தான் விறகு கொண்டுவந்தது என்றார் ஒருவர். வந்தவர்களுக்குக் காபி வைத்தது எங்கள் பெரியம்மா என்றார் இன்னொருவர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதுடா காபி என்று ஒரு அதட்டல். அப்ப மோர், என்றார் காபிக்காரர். துரோகி வீட்டிலிருந்து யார் வந்தது என்று ஒருவர் கேட்டார். அவன் பெண்டாட்டி வந்திருந்தாள், பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொன்னேன். அதை எங்கிருந்து எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. நடத்துகிற பெண்ணுக்குப் புத்தகத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது. "ஐயோ, ஒவ்வொருத்தரா பேசுங்கப்பா, மூச்சு முட்டுது," என்று சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. கீழே காட்டெருமை நிற்கிறது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தொட்டி மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரக் குலுங்கினேன். அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் தீர்ந்தது.

தீர்ப்பு தெரியாது. இறங்கவும் முடியாது. அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் கவலை எல்லாம் மொத்தமாக வந்தது. லீவு என்று சொன்னேனே, அரண்மனையில் யாராவது லீவு போடுவார்களா. என்னால்தான் பிரிக்கப்போகிறார்கள்.

என் வீட்டுக்காரரின் பிக்கப் சத்தம் கேட்டதும் காட்டெருமை தலையைத் திருப்பி, அவசரமே இல்லாமல் செடிகளுக்குள் போனது. அவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்.

"உன்ற நாத்தனாருக்கு நெட் வந்துருச்சாமா. உன்ற போன் போகலையாம். என்னத் திட்டிக் கிழிச்சிட்டா. நீயே வாங்கிக்க."

தொட்டியிலிருந்து இறங்கிப்போய் வாங்கினேன்.

"குடம் எங்கீங்க நங்கையா?" என்று ஆரம்பித்தாள்.

"மறந்துபோச்சு அம்மணி."

"சிறுத்தை?"

"காட்டெருமை வந்துருச்சு."

"நம்மள மட்டும் ராணியாக்கச் சொன்னா, ஊர்ல இருக்கறவன எல்லாம் ராஜாவாக்கிப்போட்டீங்களே. மூணாவது கிளைன்னு ஒண்ணு இல்லையாம். கேதத்துக்குப் போன அத்தன ஊடும் மூணாவது கிளையாம். ஒரு கூட்டத்தையும் கலைக்கறதில்லையாம். தெருவுக்கு நாலு ராஜா. வரி கட்ட ஒருத்தன் இல்ல."

"அப்ப நம்ம கூட்டம்?"

"இருக்குதுங்க, எங்க போகுது. அதுல நீங்க எப்படி இளவரசி? வாரிசு நானில்ல? என்னக் கேக்காம எப்படி நீங்க மூணாவது பொண்ணாவீங்க?"

"நான் நெசமாவே மூணாவதுதானே அம்மணி."

"அதெல்லாம் செல்லாதுங்க. நான் கதை கட்டுனேன். ராத்திரி பூரா கட்டுனேன். ஒரு சிறுத்தைய வீணாக்கிப்போட்டீங்க."

பின்னால் அவள் மாமியார், யாரிடம் இப்படிக் கத்துகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். "எங்க நங்கையாகிட்டங்க," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி என் பக்கம் திரும்பினாள். குரல் முன்னைவிட ஏறியிருந்தது. சீப்பு விஷயம் வந்தது. கல்யாணத்தன்று அவள் ஜடையை நான் கோணலாகப் பின்னியது வந்தது. நான் ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் பேசினேன். சிலவற்றுக்கு நன்றாகவே பேசினேன். என் வீட்டுக்காரர் வண்டிக்குள்ளேயே இருந்து, கைகாட்டி, டீ டீ என்றார். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு இடத்தில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் திட்டு அம்மணி," என்றேன்.

"இன்னைக்கு இவ்வளவுதானுங்க," என்றாள். "மிச்சம் நாளைக்கு வெளக்கு வெச்சதும்."